கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக ஒரு கச்சேரி

1750 மே 1 அன்று, லண்டன் ஃபவுண்ட்லிங் ஆஸ்பத்திரியின் தேவாலயத்தில் இசையமைப்பாளர் ஹேண்டலின் ‘மெசையா’ என்ற பக்தி இசைப்படைப்பு பாடப்பட்டது. பெயர்தான் ஆஸ்பத்திரி, உண்மையில் அது தாமஸ் கோரம் என்ற மாலுமியின் முயற்சியால் 1739இல் அரச சாசனம் பெற்ற அநாதை இல்லம். டிக்கெட் அரை கினி (கினி அந்நாளைய பொற்காசு), வசூல் இல்லத்துக்கு. இடம் கிடைக்காமல் திரும்பியவர்களுக்காக மே 15இல் கச்சேரி மறுபடியும் நடந்தது. வந்தவர்களில் பாதிப்பேருக்காவது தர்மத்தைவிடப் பட்டுடுத்திப் பெரிய மனிதர்களோடு உட்காரும் ஆசைதான் இருந்திருக்கும். ஹேண்டலுக்கும் லாபம் உண்டு: 1743இல் லண்டன் சரியாக வரவேற்காத படைப்பு இங்கேதான் நிலைபெற்றது. இதை வைத்து அந்தத் தர்மமே போலி என்பவர்கள், பிள்ளைக்கு இல்லத்தில் இடம்பிடிக்கத் தாய்மார்கள் பட்டபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். இல்லத்தில் இடம் போதாததால், அவர்கள் ஒரு பைக்குள் கைவிட்டுப் பந்து எடுத்தார்கள். வெள்ளை வந்தால் பிள்ளைக்கு இடம், சிவப்பென்றால் காத்திருப்பு, கறுப்பென்றால் பிள்ளையோடு வெளியே. இந்தக் கணக்கில் கச்சேரி கேட்பவரின் மனத்தூய்மைக்கு மதிப்பில்லை, கினிக்கு உண்டு. தூய மனத்தவர் மட்டும் வரட்டும் என்றிருந்தால் தேவாலயம் காலியாகத்தான் கிடந்திருக்கும். பகட்டுக்கு வந்த கூட்டம் ஆண்டுதோறும் வந்தது. 1759இல் ஹேண்டல் இறந்த பின்னும் வந்தது. தம் உயிலில் அவர் ‘மெசையா’வின் இசைப்படி ஒன்றையும் இல்லத்துக்கே எழுதிவைத்திருந்தார்.