மதராஸுக்கு வந்த மார்மன்கள்

மார்மன் மிஷனரி என்றதும் வெள்ளைச் சட்டையும் டையுமாக இரண்டு இளைஞர்கள் சைக்கிளில் வருவதுதான் நினைவுக்கு வரும். 1853 ஜூலையில் மதராஸில் கப்பல் இறங்கிய மூவரிடம் சைக்கிளும் இல்லை, காசும் இல்லை. கையில் பணமில்லாமல் போ, ஊரார் தருவதைச் சாப்பிடு என்பதே அவர்கள் சபையின் அன்றைய வழக்கம்.

ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ். 1852 அக்டோபரில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியை விட்டுக் கிளம்பி, கல்கத்தா வழியாக வந்தவர்கள். ஸ்கெல்டனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

தமிழ் தெரியாததால் ஆங்கிலம் பேசும் பட்டாளத்துக்காரர்களையும் ஐரோப்பியர்களையுமே நாடினார்கள். ஆனால் மார்மன்களின் பலதார மணச் செய்தி அவர்களுக்கு முன்பே பரவியிருந்தது. சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. சோற்றுக்கே பிறர் கையை எதிர்பார்த்த பாலன்டைன், 1854-ல் மதராஸில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையும் அச்சிட்டார் (துணிச்சல்தான்!). அந்த ஜூலையிலேயே லண்டனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஸ்கெல்டன் மட்டும் 1856 வரை இந்தியாவில் இருந்தார்.