சுவாச நோய் ஆய்வில் கினிப்பன்றி

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைமக்கள் இறைச்சிக்காகப் பழக்கி வளர்த்த கொறித்துண்ணி கினிப்பன்றி; 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்றது. மூச்சுக்குழாய் நோய்களை ஆராயவும் அவற்றுக்கான மருந்துகளைச் சோதிக்கவும் நெடுங்காலம் முதன்மையாகப் பயன்பட்டது. இதன் சிறு மூச்சுக்குழாய்களைச் சூழ்ந்துள்ள மென்தசை தடித்தது. ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் சிறிதளவு பட்டாலும் இறுகிவிடும். அதே அளவை எலியும் சுண்டெலியும் எளிதில் தாங்கிக்கொள்கின்றன. இந்த மிகையுணர்வால்தான் இது ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டது. அவர்கள் வழிதவறியதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

லவாசியேவும் லாப்லாசும் 1780களின் தொடக்கத்தில் பாரிசில் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, உருகிய நீரை அளந்து, சுவாசம் என்பது மெதுவான எரிதல் என்று காட்டினர். அதற்குப் பின் நூறாண்டுக் காலம் சுவாச ஆய்வில் இவ்விலங்கைப் பற்றிய குறிப்புகள் சொற்பம்.

ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் காசநோய்க் கிருமியை அறிவித்தபோது முன்வைத்த சான்றுகளில் பெரும்பகுதி கினிப்பன்றிகளிடமிருந்து வந்தது. எட்டாண்டுகள் கழித்து, கினிப்பன்றிகளில் காசநோயைத் தடுத்து நிறுத்தும் பொருள் ஒன்று தம்மிடம் இருப்பதாக அவரே அறிவித்தார். டியூபர்குலின் எனப்பட்ட அப்பொருள் மனிதரைக் குணப்படுத்தவில்லை. நோயறியும் சோதனையில் மட்டும் நிலைத்தது.

ஆஸ்துமாவுடனான தொடர்பு 1910இல் தொடங்குகிறது எனலாம். குதிரைச் சீரத்தை இரண்டாம் முறை ஏற்றியதும் கினிப்பன்றிகள் சில நிமிடங்களில் இறப்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது, காரணம் தெரியவில்லை. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஜான் ஆவரும் பால் லூயிசும் இறந்த விலங்குகளின் மார்பைத் திறந்து பார்த்தனர். சுருங்கியிருக்க வேண்டிய நுரையீரல் உப்பியபடியே இருந்தது. சிறு மூச்சுக்குழாய்கள் இறுகியதால் உள்ளே போன காற்று வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொண்டது என்பது அவர்கள் முடிவு. அதே ஆண்டு லண்டனின் வெல்கம் ஆய்வகத்தில் ஹென்றி டேலும் பாட்ரிக் லெய்ட்லாவும் எர்காட் காளானை ஆராயும்போது கிடைத்த ஹிஸ்டமினை விலங்குகளில் செலுத்தினர். கினிப்பன்றி ஏறத்தாழ அதே விதத்தில் மூச்சடைத்து இறந்தது. இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையை அவர்கள் குறிப்பிட்டார்கள். ஹிஸ்டமினே காரணம் என்று முடிவுகட்டவில்லை. ஒவ்வாமை அதிர்ச்சிக்கு உள்ளான கினிப்பன்றி நுரையீரலிலிருந்து ஹிஸ்டமின் வெளிவருவதை பார்ட்டோஷ், ஃபெல்ட்பெர்க், நாகெல் மூவரும் 1932இல்தான் காட்டினர்.

  

1937 முதல் 1960களின் இறுதிவரையிலான காலத்துக்குக் குறிப்புகள் ஏராளம். பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் தானியேல் போவேயும் ஆன்-மரி ஸ்டோபும் கினிப்பன்றியை ஹிஸ்டமினிலிருந்து காக்கும் முதல் சேர்மங்களை 1937இல் கண்டனர். அவற்றின் வழிவந்த மருந்துகள் 1940களில் சந்தைக்கு வந்தன. கொல்லும் அளவைவிடப் பன்மடங்கு ஹிஸ்டமினிலிருந்தும் அவை கினிப்பன்றியைக் காத்தன. தும்மலுக்கும் தோல் தடிப்புக்கும் மனிதரிடமும் உதவின, ஆஸ்துமாவில் ஏமாற்றின. கினிப்பன்றியின் மூச்சடைப்பில் ஹிஸ்டமினுக்கு உள்ள பங்கு மனித ஆஸ்துமாவில் அதற்கு இல்லை என்பது மெல்ல விளங்கிற்று.

அளக்கும் முறைகளும் இக்காலத்தில் வளர்ந்தன. கான்செட்டும் ரோஸ்லரும் 1940இல் வெளியிட்ட முறையில், மயக்கமூட்டப்பட்ட விலங்குக்குப் பம்பு மாறாத அளவு காற்றைச் செலுத்தும்; குழாய் இறுகும்போது உள்ளே போக முடியாமல் மிஞ்சும் காற்றே அளவு. காஸ்டில்லோவும் டி பீரும் 1947இல் மூச்சுக்குழலை வளையங்களாக நறுக்கி, பூச்சரம்போல் ஒன்றோடொன்று நூலால் கட்டித் தொங்கவிட்டனர். ஒரு வளையத்தின் அசைவு அளக்க முடியாத அளவு சிறியது. பல வளையங்கள் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். எளிய உத்திதான், ஆனால் பல தலைமுறை மாணவர்கள் இதில்தான் மருந்தியல் பயின்றனர். ஐசோபிரினலினும், 1969இல் விற்பனைக்கு வந்த சால்பியூட்டமாலும் இவ்வகைச் சோதனைகளைக் கடந்தவை. தசையைத் தளர்த்தும் மருந்துகளைப் பொறுத்தவரை கினிப்பன்றி தவறாக வழிகாட்டியது குறைவு.

ஒவ்வாமை அதிர்ச்சிக்கு உள்ளான கினிப்பன்றி நுரையீரலில் ஹிஸ்டமின் அல்லாத இன்னொரு பொருளும் இருந்தது. மெல்போர்னில் கெல்லவேயும் டிரெத்தீவியும் 1940இல் கண்ட அப்பொருள் தசையை மெதுவாக இறுக்கியது, நெடுநேரம் விடவில்லை. பிராக்கிள்ஹர்ஸ்ட் 1960இல் அதற்கு எஸ்ஆர்எஸ்-ஏ என்று பெயரிட்டார். ஆஸ்துமா நோயாளிகளின் நுரையீரல் திசுவிலும் அதைக் கண்டார். அது லூக்கோட்ரையீன் வகைப் பொருள் என்பது 1980 வாக்கில்தான் தெளிவாயிற்று. மாண்டெலுகாஸ்ட் என்னும் ஆஸ்துமா மாத்திரை அந்த வழியில் வந்தது. 1969இல் பிரிசில்லா பைப்பரும் ஜான் வேனும் அதிர்ச்சியுற்ற கினிப்பன்றி நுரையீரலிலிருந்து வெளிவரும் ஒரு பொருளை ஆஸ்பிரின் தடுப்பதைக் கண்டதையும் இங்கே சேர்க்கலாம். ஆஸ்பிரின் செயல்படும் விதம் தெளிவாக அது வழிவகுத்தது.

இவ்வரலாற்றில் தனித்து நிற்பவர் ரோஜர் அல்துன்யான். 1922இல் சிரியாவின் அலெப்போவில் பிறந்தவர். ஆர்தர் ரான்சமின் ‘ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்’ நாவலில் வரும் சிறுவன் ரோஜருக்கு இவரே முன்மாதிரி. இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்து பின் மருத்துவரானார். ஆஸ்துமா நோயாளியான இவர் 1950களில் இங்கிலாந்தின் பெங்கர்ஸ் மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். ஆம்மி விஸ்நாகா என்னும் எகிப்தியச் செடியின் கெல்லின் என்ற பொருளிலிருந்து கிளைத்த சேர்மங்கள் அங்கே ஆராயப்பட்டன. கினிப்பன்றிக்கு வருவது ஆஸ்துமா அன்று என்பது அல்துன்யானின் உறுதியான கருத்து. ஆகவே தம்மையே சோதனை விலங்காக்கிக்கொண்டார். அவருக்கு ஒவ்வாதவற்றுள் கினிப்பன்றியின் முடியும் செதிலும் அடங்கும். அவற்றின் சாற்றை உள்ளிழுத்து மூச்சுத்திணறலை வரவழைப்பார். முன்னதாக ஒரு சேர்மத்தை இழுத்து, திணறல் குறைகிறதா என்று அளப்பார். சில நூறு சேர்மங்களை இப்படிச் சோதித்ததாகத் தெரிகிறது. 1965இல் உருவான குரோமோகிளைகேட் 1968இல் விற்பனைக்கு வந்தது. கினிப்பன்றிச் சோதனைகளை மட்டும் நம்பியிருந்தால் இம்மருந்து கழித்துக்கட்டப்பட்டிருக்கும் என்பது பலரின் கருத்து. மருந்துத்தூளைச் சுழற்றும் ஸ்பின்ஹேலர் கருவி விமானச் சுழலியைப் பார்த்து அவருக்குத் தோன்றியது என்பர். கதை அழகாக இருக்கிறது, எந்த அளவு உண்மை என்பது வேறு.

காசநோய் ஆய்விலும் இக்காலத்தின் இரு நிகழ்வுகள் குறிப்பிடத்தக்கவை. பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலியின் குழு 1950களின் பிற்பகுதியில் ஒரு காசநோய் வார்டின் கழிவுக் காற்றைக் கூரைமேல் இருந்த கினிப்பன்றிக் கூண்டுகளுக்குச் செலுத்தியது. விலங்குகளுக்கு நோய் தொற்றியது; புற ஊதாக் கதிர் பட்ட காற்றைச் சுவாசித்தவற்றுக்குத் தொற்றவில்லை. காசநோய் காற்றில் பரவுவதற்கு இது நேரடிச் சான்று. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையத்தில், தென்னிந்திய நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளில் பல, பிரிட்டிஷ் கிருமிகளை விடக் கினிப்பன்றிகளுக்குக் குறைந்த தீங்கே செய்வதை மிட்ச்சிசன் குழுவினர் கண்டு 1960இல் வெளியிட்டனர். பின்னர் செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்த பிசிஜி தடுப்பூசி ஆய்வு எதிர்பார்த்த பலனைக் காட்டாததற்கு இக்கிருமிகளின் இயல்பும் ஒரு காரணமாகலாம் என்று கருதுவோர் உண்டு. ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

1990களிலிருந்து மரபணு மாற்ற வசதியால் சுண்டெலி முதலிடம் பெற்றது. சுண்டெலியில் பலித்த ஆஸ்துமா மருந்துகள் பலவும் மனிதரிடம் பலிக்காததை வென்சலும் ஹோல்கேட்டும் 2006இல் கடுமையாக விமர்சித்தனர். 2010இல் நுரையீரல் செல்கள் கொண்ட சில்லு அறிமுகமானது. விலங்கு அல்லாத சோதனை முறைகளை ஏற்கும் வகையில் அமெரிக்கா 2022இலும் இந்தியா 2023இலும் சட்டவிதிகளைத் திருத்தின. இருமல் ஆய்வில் மட்டும் நிலை அதிகம் மாறவில்லை: எலியும் சுண்டெலியும் மனிதரைப்போல் இருமுவதில்லை என்பதால், இருமல் மருந்துச் சோதனைக்கு இன்றும் பெரும்பாலும் கினிப்பன்றியையே பயன்படுத்துகின்றனர்.