இணை பிரிந்த வாழ்க்கை வரலாறுகள்



பண்டைய கிரேக்க நூல்களை மூலமொழியில் வாசிக்கக்கூடியவர்கள் நம்மில் மிகச் சிலரே. புளூட்டார்க் எழுதிய வாழ்க்கை வரலாறுகளை நானும் ஆங்கில மொழிபெயர்ப்புகள் வாயிலாகவே அறிவேன். அவ்வாறு வாசிப்போருக்குப் பயன்படக்கூடிய ஒரு செய்தியை இவ்வாரம் சொல்ல விரும்புகிறேன்.

புளூட்டார்க் கி.பி. 46ஆம் ஆண்டளவில் கிரேக்கத்தின் கைரோனியா என்னும் சிற்றூரிற் பிறந்தவர். டெல்பி ஆலயத்திற் பூசகராக இருந்தவர். அவர் காலத்திற் கிரேக்கம் ரோமப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. அந்த அடிமைத்தனம் அவர் குடும்பம் அறிந்ததொன்று. அன்டனியின் படைக்காகக் கைரோனியா மக்கள் சாட்டையடியின் கீழ்த் தானிய மூட்டைகளைக் கடற்கரைக்குச் சுமந்த கதையைத் தம் கொள்ளுப்பாட்டனார் சொன்னதாக அன்டனியின் வரலாற்றிலேயே அவர் எழுதுகிறார். அதற்காக அன்டனியை அவர் வெறுமனே தூற்றவுமில்லை.

இத்தகைய ஒருவர், ஒரு கிரேக்கரையும் ஒரு ரோமரையும் பக்கம் பக்கமாக நிறுத்தி 'இணை வரலாறுகள்' எழுதினார். அவ்வாறான 22 நூல்கள் இன்று எஞ்சியுள்ளன. பெரும்பாலானவற்றின் முடிவில் இருவரையும் எடைபோடும் ஒப்பீடும் உண்டு. ஆண்டவரையும் ஆளப்பட்டவரையும் ஒரே தராசில் வைத்த முயற்சி இது. இந்தச் சோடி அமைப்பே நூலின் உயிர்நாடி என்பது என் கருத்து.

ஆங்கிலத்தில் இந்நூல் நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறது. 1579இல் தோமஸ் நோர்த், ஜாக் அமியோவின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ஷேக்ஸ்பியர் தமது ரோம நாடகங்களுக்குப் பயன்படுத்தியது அதையே. நம் காலத்து வாசகர்களுக்கு அதிகம் அறிமுகமானவை பெங்குவின் வெளியீடுகள். ரெக்ஸ் வார்னரின் தொகுதி 1958இலும், இயன் ஸ்கொட்-கில்வேர்ட்டின் முதல் தொகுதி 1960இலும் வந்தன. தெளிவான, தடங்கலற்ற ஆங்கிலம். பாடசாலை மாணவரும் வாசிக்கலாம்.

ஆனால் இத்தொகுதிகள் வரலாறுகளைக் கால வரிசைப்படி பிரித்து அடுக்கின. ஏதென்ஸின் எழுச்சியும் வீழ்ச்சியும் ஒரு புத்தகம். ரோமக் குடியரசின் வீழ்ச்சி இன்னொரு புத்தகம். வரலாறு படிப்பவருக்கு இது வசதிதான். புளூட்டார்க் கட்டிய சோடிகளோ பிரிந்து போயின. பெரிக்கிளீஸ் ஒரு தொகுதியில், அவரது இணையான ஃபேபியஸ் மற்றொன்றில். அல்சிபியாடீஸுக்கும் கொரியோலேனஸுக்கும் அதே கதி.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். நிசியாஸ் - கிராசஸ் என்ற சோடியை எடுத்துக்கொள்வோம். இருவரும் பெருஞ் செல்வர்கள். இருவரும் அந்நிய மண்ணிற் பெரும்படைகளை அழிவுக்கு இட்டுச் சென்றவர்கள். நிசியாஸ் கி.மு. 413இல் சிசிலித் தீவிலும், கிராசஸ் கி.மு. 53இல் பார்த்தியரிடம் கார்ரே என்னுமிடத்திலும் தோற்று மாண்டனர்.

நிசியாஸ் வரலாற்றின் இறுதிப் பகுதியில் ஒரு செய்தி வருகிறது. சிசிலியிற் சிறைப்பட்ட ஏதென்ஸ் வீரர் சிலர், நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் வரிகளை நினைவிலிருந்து சொல்லிக் கொடுத்து விடுதலை பெற்றார்கள். தோல்விக்குப் பின் திக்கற்று அலைந்தோர் சிலர் அவருடைய பாடல்களைப் பாடி உணவும் நீரும் பெற்றார்கள். ஊர் திரும்பியவர்கள் கவிஞரைத் தேடிச் சென்று நன்றி கூறினார்களாம்.

அடுத்துக் கிராசஸின் வரலாறு எப்படி முடிகிறது? ஆர்மீனிய மன்னனும் பார்த்திய மன்னனும் விருந்துண்ணும் மண்டபம். கிரேக்க நடிகன் ஜேசன், யூரிப்பிடீஸின் 'பாக்கே' நாடகப் பகுதியைப் பாடிக்கொண்டிருக்கிறான். தன் மகன் பென்தியூஸின் தலையை, வேட்டையில் வென்ற விலங்கின் தலையென மயங்கித் தாய் ஏந்திவரும் கட்டம் அந்நாடகத்தில் உண்டு. அவ்வேளை கிராசஸின் வெட்டுண்ட தலை சபைக்குக் கொண்டுவரப்படுகிறது. நடிகன் அதையே கையிலெடுத்து அத்தாயின் வரிகளைப் பாடுகிறான். சபை ஆரவாரிக்கிறது.

ஒரே கவிஞர். ஓரிடத்தில் அவர் வரிகள் உயிர்காக்கின்றன. மற்றோரிடத்தில், வெட்டுண்ட தலையொன்று அதே கவிஞரின் நாடகப் பொருளாகிறது. அடுத்தடுத்து வாசிப்பவருக்கு இந்த எதிரொலி தெளிவாகக் கேட்கும். ஆனால் நிசியாஸ் 1960ஆம் ஆண்டுத் தொகுதியிலும் கிராசஸ் 1958ஆம் ஆண்டுத் தொகுதியிலும் இருந்தால், இரண்டும் வெறும் சுவையான கதைகளாக நின்றுவிடுகின்றன.

ஒப்பீட்டுப் பகுதியும் அவ்வாறே. நிசியாஸ் சகுனங்களுக்கு அஞ்சினார்; சந்திர கிரகணத்தைக் கண்டு, தப்பிச் செல்லவேண்டிய படையைத் தாமதிக்க வைத்தார். கிராசஸோ சகுனங்களைப் பொருட்படுத்தவேயில்லை. முடிவு இருவருக்கும் ஒன்றே. எது சரியென்று இதிலிருந்து முடிவு கட்டுவது கடினம் என்கிறார் புளூட்டார்க். நிசியாஸின் செல்வமே ஒப்பீட்டளவிற் குற்றம் குறைந்தது எனத் தீர்ப்பளிக்கும் அவர், அது வந்த வெள்ளிச் சுரங்கங்களில் விலங்கிடப்பட்டு மடிந்த மனிதரையும் மறக்கவில்லை. தம்மவர் என்பதற்காக அவர் தராசைச் சாய்ப்பதில்லை. தனித்தனி வாழ்க்கைகளை மட்டும் வாசிப்பவருக்கு இந்த நடுநிலை கண்ணிற் படாது.

மொழிபெயர்ப்பில் வாசிப்பதையிட்டு நாம் கூச்சப்படத் தேவையில்லை. டெமொஸ்தெனீஸ் வரலாற்றின் தொடக்கத்தில், இலத்தீன் நூல்களைத் தாம் முதிர்ந்த வயதிலேயே படிக்கத் தொடங்கியதாகப் புளூட்டார்க் கூறுகிறார். சொற்களைக் கொண்டு பொருளை அறிந்ததைவிட, ஏற்கெனவே அறிந்த பொருளைக் கொண்டே சொற்களை விளங்கிக்கொண்டாராம். ஆகவே டெமொஸ்தெனீஸ், சிசரோ ஆகிய இருவரின் பேச்சுநடையை ஒப்பிடத் தாம் முனையப்போவதில்லை என்கிறார். ரோமரைப் பற்றி எழுதியவரே பிறமொழியைத் தட்டித் தடவி வாசித்தவர்தான்.

சோடிகளையும் ஒப்பீடுகளையும் பிரிக்காமல் தரும் ஆங்கிலப் பதிப்பும் உண்டு. பேர்னடோட் பெரினின் லோப் பதிப்பு 1914 முதல் 1926 வரை 11 தொகுதிகளாக வெளிவந்தது. நிசியாஸும் கிராசஸும் அதன் மூன்றாம் தொகுதியில் ஒன்றாகவே இருக்கிறார்கள். அதன் ஆங்கிலம் சற்றுப் பழையது. பெங்குவின் நடையை விரும்புவோர் இரு தொகுதிகளையும் மேசையில் விரித்து வைத்து, ஒன்றை முடித்ததும் மற்றதை எடுக்கலாம். நான் அப்படித்தான் வாசிக்கிறேன். முதலில் நிசியாஸ், உடனே கிராசஸ். ஒரு வார இறுதி போதும்.