களிமண்ணும் குலமும்

முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பள்ளிப் பிள்ளைகள் குயவர் பக்கத்தில் உட்கார்ந்து பானை வனைவதை 'மரபு', 'படைப்பூக்கம்' என்ற சொற்களுக்குள் அடைத்துவிட முடியாது. கைவினைஞரருகே குழந்தையை உட்காரவைத்ததற்கு நம்மிடம் வேறொரு வரலாறும் உண்டு. 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப்பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்சப் பொழுதில் அப்பன் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். 1954இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் போனது.

1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் காட்சி தலைகீழாகிறது. இங்கே வனையும் பிள்ளைக்கு அது குலமல்ல. பானை கோணினால் ஒண்ணும் குடிமுழுகிப் போகாது, பிடிக்கலைன்னா எழுந்து போகலாம். எழுந்து போகும் இந்த உரிமைக்காகத்தான் அன்று போராடினார்கள். அதனால் இதை வரவேற்கிறேன்.

ஆனால் தொழில் சாதியிலிருந்து கழன்றது யாருக்கு? வந்து போகிற பிள்ளைக்கு. சொல்லிக்கொடுப்பவரையோ நாம் இன்னும் பிறப்பின் பிரதிநிதியாகவே பார்க்கிறோம். இதே கடற்கரைச் சாலையில், 1966இல் பணிக்கர் தொடங்கிய சோழமண்டலத்து ஓவியர்கள் பத்திக் துணி விற்றுப் பிழைத்தபோதும் கலைஞர்களாகவே அறியப்பட்டார்கள். அவர்களுக்குக் கையெழுத்து இருந்தது. பானையில் கையெழுத்து இல்லை.

பிள்ளை வீடு திரும்பும்போது பானையோடு அவர் பெயரும் போகிறதா? அவர் பிள்ளை ஓர் ஓவியரின் பக்கத்தில் உட்கார்ந்து வரைய இடமிருக்கிறதா? குலக்கல்வி எதிர்ப்பு இன்னும் முடியவில்லை என்பது இங்கேதான் எனக்குப் புலப்படுகிறது.