சாயாமல் நின்ற அம்பாசிடர்

அப்பாவின் டாக்ஸிக் கணக்கு நோட்டுகள் நான்கு என்னிடம் இருக்கின்றன. 1986 தொடங்கி 1993 ஜனவரி வரை. எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு பெட்ரோல், யாருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் நீல மையில். கல்வெட்டு, செப்பேடு என்று எழுதி வருகிற இந்த வலைப்பூவில் டாக்ஸி நோட்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எனக்கு இதுவும் ஓர் ஆவணம்தான். அதில் மூன்று பதிவுகளைப் புரிந்துகொள்ள எனக்கு முப்பது வருடம் ஆயிற்று.

1991 ஜூன்: "பின் வலது சத்தம். பட்டைக்கு கிரீஸ். 35."

1991 ஆகஸ்ட்: "வலது தணிவு. முன் வலது தூக்கினது. 60."

1992 அக்டோபர்: "பிரேக் லைனர் நாலும் புதுசு."

அடுத்த மாதம், நவம்பர் மழையில், திருப்பத்தூரிலிருந்து காரைக்குடிக்கு வரும் வழியில் அப்பா பிரேக் பிடித்தார். வண்டி வலப்பக்கம் இழுத்து, சாலையைக் குறுக்காகக் கடந்து, எதிர்ப்பக்கச் சரிவில் கருவேல முள்ளுக்குள் போய் நின்றது. எதிரே வண்டி வராதது புண்ணியம். பின்சீட்டில் இருந்த ஒரு பாட்டிக்குக் கை முறிந்தது. வண்டிக்குக் கீறல்தான். "தூக்கக் கலக்கத்துல நான்தான் ஒடிச்சிருப்பேன்" என்று அப்பா தானே முடிவு கட்டிக்கொண்டார். ஜனவரியோடு டாக்ஸி ஓட்டுவதை விட்டார். விற்கவும் மனம் இல்லை. கொட்டகையில், சக்கரங்களில் பாரம் ஏறாதபடி கட்டை கொடுத்து வண்டியை நிறுத்திவிட்டார்.

போன வருடம் அதை மறுபடி ஓட வைக்கலாம் என்று இறங்கினேன். முதலில் செய்தது உயரம் அளந்ததுதான்.

வண்டியின் வம்சம்

அளவுக்குப் போகும் முன் கொஞ்சம் வரலாறு. எங்களுடையது 1978 மாடல், மார்க் 3. அம்பாசிடர் 1958-ல் உத்தர்பாராவில் தொடங்கி 2014 மே வரை தயாரானது. அதன் மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3. அதற்கு முந்தைய சீரிஸ் 2 இங்கே லேண்ட்மாஸ்டராக வந்தது. அதற்கும் முந்தைய எம்ஓ, ஹிந்துஸ்தான் 14 என்ற பெயரில் ஓடியது. எம்ஓவும் மாரிஸ் மைனரும் 1948-ல் ஒரே சமயத்தில் வெளிவந்தவை. இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு மினி காரை வடிவமைத்தவரும் அவரே.

இந்த வண்டிகளின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. வண்டியின் நீளவாக்கில், பக்கத்துக்கு ஒன்றாக ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. அதுதான் டார்ஷன் பார், அதாவது முறுக்குக் கம்பி. ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் கையில், மறுமுனை வண்டியின் அடியில் ஒரு லீவரில். சக்கரம் மேட்டில் ஏறினால் கம்பி முறுகும். இறங்கினால் பிரியும். ஈரத் துணியைப் பிழிகிற அதே முறுக்குதான்.

பின்பக்கம் பழைய மாட்டு வழி: லீஃப் ஸ்பிரிங், நம் மெக்கானிக்குகள் சொல்லும் பட்டை. குதிரை வண்டிக் காலத்துச் சரக்கு. ஆக, ஒரே வண்டியில் முன்பக்கம் ஒரு நூற்றாண்டு, பின்பக்கம் இன்னொரு நூற்றாண்டு.

ஸ்பிரிங்கின் விதியை எழுதியவர் ராபர்ட் ஹூக். 1676-ல் அதை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக அச்சிட்டார். 1678-ல் விடையைச் சொன்னார்: எவ்வளவு நீட்சியோ அவ்வளவு விசை. முறுக்குக்கு வந்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் கூலோம். மின் விசையை அளந்த அதே கூலோம். 1784-ல் அவர் கம்பிகளை முறுக்கிப் பார்த்து ஒரு விதி கண்டார். கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதம், நீளத்துக்கு எதிர்விகிதம். 10 சதவீதம் தடிமன் கூட்டினால் விறைப்பு 46 சதவீதம் கூடும். இதைக் காரில் பயன்படுத்த 1931-ல் போர்ஷே காப்புரிமைக்குப் பதிந்தார். 1934-ல் சிட்ரோயன் டிராக்ஸன் அவான்ட் முறுக்குக் கம்பியோடு சாலைக்கு வந்தது. அங்கிருந்து 1948-ன் மாரிஸ் வண்டிகள், அங்கிருந்து காரைக்குடி டாக்ஸி ஸ்டாண்டு.

கூலோமின் விதியில் நமக்கு வேண்டியது இதுதான். விறைப்பு எஃகின் இயல்பையும் கம்பியின் அளவையும் மட்டும் பொறுத்தது. "ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு" என்கிறோமே, முறுக்குக் கம்பியைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் தவறான பேச்சு. பல வருடப் பாரத்தில் கம்பி சற்று நிரந்தரமாக முறுகிப் போகும். அதன் பூஜ்யம் நகரும். விறைப்பு அப்படியே இருக்கும். லீவரை ஒரு பல் தள்ளிக் கோர்த்தால் பழைய உயரம் வந்துவிடும். அது ஒட்டுப்போடும் வேலை இல்லை, முறையான வைத்தியமேதான். (இடது கம்பியை வலதில் மாட்டக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது. ஓடி வந்த திசையிலேயே அது முறுக்குக்குப் பழகியிருக்கும்.)

பட்டை அப்படி இல்லை. அடுக்கில் ஒரு பட்டை ஒடிந்தால் விறைப்பே குறையும். அங்கே அடியில் கட்டை வைத்து உயரத்தைச் சரிசெய்தால் நோய் உள்ளேயே இருக்கும்.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் முதலாவது ஆஃப்செட் பிழை, இரண்டாவது கெயின் பிழை. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி: வண்டி ஒரு பக்கம் தணிந்திருக்கும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும். சாய்வு மாறாமல் இருந்தால் பூஜ்யம் நகர்ந்திருக்கிறது. சாய்வு கூடினால் விறைப்பு போயிருக்கிறது.

அளந்த கதை

நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே காற்று. தரையை ரசமட்டத்தில் பார்த்தேன். வண்டியை நான்கைந்து முறை அழுத்திக் குலுக்கினேன். புஷ்களில் இருக்கும் பிடிப்பு விட்டால்தான் வண்டி தன் உண்மையான உயரத்தில் உட்காரும். பிறகு சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் அளவு எடுத்தேன். பழைய வண்டியில் தகர வேலை நடந்திருக்கலாம் என்பதால் அடியில் பாடியின் இரு பக்கமும் தரையிலிருந்து அளந்தேன்.

இடதுக்கும் வலதுக்கும் 4 மி.மீ.தான் வித்தியாசம். இந்த வயசு வண்டிக்கு இது ஒன்றுமே இல்லை. "வலது தணிவு" என்று நோட்டில் இருந்தது அந்த அறுபது ரூபாயில் சரியாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு பின்சீட்டில் 25 கிலோ அரிசி மூட்டை நான்கு, சமமாக. இடது பின்பக்கம் 20 மி.மீ. இறங்கியது. வலது 27. அந்த மூட்டைகள் நூறு கிலோ. ஐந்து ஆட்களும் டிக்கி நிறையச் சாமானும் என்றால் முந்நூறு. அப்போது வித்தியாசம் ஏறக்குறைய 2 செ.மீ. அப்பா அந்த நாளில் எல்லாரிடமும் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது: "காலியா நின்னா நேரா நிக்குது, ஆள் ஏறினா வலது படுக்குது." சவாரி உட்காருற லட்சணம் அப்படி என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அப்பாவின் உடம்பு வாகையும் சேர்த்துக் கேலி செய்தார்கள்.

அடுத்த சோதனை ஜாக்கியில். மூட்டைகளை இறக்கி, முன்சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, பின் அச்சின் நடுவில், டிஃபரன்ஷியலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரங்கள் தரையைவிட்டு எழும் அளவுக்குத் தூக்கினேன். இப்போது பின் அச்சு ஒரு புள்ளியில் நிற்கிறது, தராசு முள் மாதிரி. பின்பக்க ஸ்பிரிங்குகள் வண்டியை எந்தப் பக்கமும் சாய்க்க முடியாது. சாய்வைத் தீர்மானிப்பது முன்பக்கம் மட்டும்தான். (இந்த நிலையில் வண்டிக்கு அடியில் தலையை விடக் கூடாது.)

வண்டி இடப்பக்கம் சாய்ந்தது.

இறக்கிவிட்டு, இந்த முறை பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கக் குறுக்குச் சட்டத்தின் நடுவில் ஜாக்கி கொடுத்தேன். இப்போது பின்பக்கம் மட்டும் பேசுகிறது. வண்டி வலப்பக்கம் சாய்ந்தது.

அதாவது வண்டி நேராக நின்றதே இல்லை. பின்பக்கம் வலதுக்கும் முன்பக்கம் இடதுக்கும் இழுத்துக்கொண்டு, இரண்டு தவறும் ஒன்றையொன்று மறைத்து நின்றிருந்தது. புரொகிராம் எழுதுகிற யாருக்கும் இந்த வயிற்றுக் கலக்கம் தெரியும். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும், காரணம் இரண்டு பிழைகள்.

வலது பின் பட்டையைக் கழற்றினேன். காய்ந்த கிரீஸும் மண்ணும் விரலளவு. சுரண்டியதும் தெரிந்தது: மூன்றாவது பட்டை, யூ போல்ட் கவ்வும் தட்டின் விளிம்பை ஒட்டி ஒடிந்திருந்தது. 1991 ஜூன் மாதத்துச் சத்தத்தின் மேல் கிரீஸைத் தடவியிருக்கிறார்கள்.

கட்டிலின் நான்காவது கால்

நேராக நின்றால் போதாதா? போதாது. நாலு கால் கட்டிலில் ஒரு கால் குட்டையானால் அந்தக் காலும் அதற்கு எதிர் மூலைக் காலும் பாரம் வாங்காது, மற்ற இரண்டும் வாங்கும். வலது பின் பட்டை ஒடிந்தபோதே வலது பின் சக்கரமும் இடது முன் சக்கரமும் பாரம் இழந்துவிட்டன. அதைச் சரிசெய்வதாக வலது முன்பக்கத்தைத் தூக்கினால் வண்டி மட்டமாகத் தெரியும். ஆனால் வலது முன் சக்கரத்துக்கு இன்னும் பாரம் ஏறும், இடது முன் சக்கரம் இன்னும் லேசாகும். சாய்வில் ஒன்றையொன்று கழித்துக்கொண்ட இரண்டு தவறுகள் பாரத்தில் ஒன்றோடொன்று கூடிக்கொண்டன.

காய்ந்த சாலையில், நிதானமாகப் பிரேக் பிடித்தால் இது தெரியவே தெரியாது. ஈரச் சாலையில் அழுத்திப் பிடித்தால், லேசான இடது முன் சக்கரம் முதலில் நின்று வழுக்கும். வலது முன் சக்கரம் பிடித்துக்கொண்டே இருக்கும். வண்டி வலதுக்குத் திரும்பும். ஸ்டியரிங்கை யாரும் ஒடிக்க வேண்டியதில்லை.

முன் வலதைத் தூக்கிய மெக்கானிக்கை நான் குறை சொல்லவில்லை. தணிந்த மூலையைத் தூக்கச் சொன்னார்கள், அவர் தூக்கினார். அளவு எடுக்க அரை மணி நேரம், அரிசி மூட்டை நாலு, ஜாக்கி ஒன்று. இது போதும். ஆனால் ஸ்டாண்டில் நிற்கிற வண்டிக்கு அந்த அரை மணி நேரத்தை யாரும் கொடுக்கவில்லை.

பட்டையைக் கொண்டுபோய் அப்பாவின் முன் வைத்தேன். 78 வயது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒடிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். நோட்டுகளையும் எடுத்துக் காட்டினேன், ஒவ்வொரு தேதியாக. ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப லைனர் இல்லையா?" என்றார்.

"லைனர் போட்டு ஒரு மாசம்தான்ப்பா ஆச்சு. நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமா, எழுதியிருக்கேன்."

மறுநாள் காலை கொட்டகைக்கு வந்தவர், புதுப் பட்டை எத்தனை அடுக்கு வாங்கியிருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். "ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துடா, ஒண்ணை மட்டும் மாத்தாதே. அப்புறம் அந்த முன் வலதை இறக்கிவிடு" என்றார். இரண்டையும் செய்தாயிற்று. இப்போது அரிசி மூட்டை ஏற்றினாலும் இரு பக்கமும் 21 மி.மீ. இறங்குகிறது. அந்த அளவை நான்காவது நோட்டில், 1993 ஜனவரிக்குக் கீழே, அப்பாவையே எழுதச் சொன்னேன்.