நாக்கா, கையா, அம்மாவின் காதா?

பையனுக்கு அப்போது மூன்றரை வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறை வாசலில் வந்து நின்று, "அப்பா, எனக்கு த... த... த..." என்றான். அதற்கு மேல் வரவில்லை. வாய் திறந்தபடி இருக்கிறது, கண்ணை இறுக்கி மூடுகிறான், கழுத்து நரம்பு புடைக்கிறது. நான்கைந்து நொடிதான் இருக்கும். அப்புறம் சட்டென்று "பானி வேணும்" என்று முடித்துவிட்டான்.

நாங்கள் இருப்பது புனேயில். தண்ணீருக்கு வீட்டில் ஒரு சொல், கீழே விளையாடும் பிள்ளைகளிடம் ஒரு சொல், பள்ளியில் ஒரு சொல். "பாருங்க, என்ன சமத்து! ஒண்ணு வரலைன்னா இன்னொண்ணைப் போடுறான்" என்று தங்கமணி சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒரு மாதம் கழித்து இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை. தினமும் திக்கியது. சில நாள் பேச ஆரம்பித்துவிட்டு, "ஒண்ணுமில்ல" என்று போய்விடுவான்.

குழந்தைக்குப் பேச்சு திக்கினால் வீட்டில் முதலில் நடப்பது வைத்தியம் இல்லை, விசாரணை. யார் மேல் தப்பு? தங்கமணிக்கு என் அம்மா மேல் சந்தேகம். பையன் இடது கையால் சாப்பிடுவான். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, ஸ்பூனைப் பிடுங்கிப் பிடுங்கி வலது கைக்கு மாற்றிவிட்டாள். அம்மாவுக்கு எங்கள் மேல் சந்தேகம். "ஊர விட்டு ஊரு போயி, பச்சப்புள்ள வாயில நாலு பாஷையத் திணிச்சா அது என்னல செய்யும்?" வசம்பை உரசி நாக்கில் தடவினாள். எனக்கு என் மேலேயே சந்தேகம். நான் வேகமாகப் பேசுகிறவன், அவன் முடிப்பதற்குள் நானே முடித்துவிடுகிறவன்.

தீர்ப்புச் சொன்னது பள்ளியும் ஒரு டாக்டரும். குழந்தைக்கு மொழிக் குழப்பம், வீட்டிலும் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்றார்கள். கேட்டோம். நான்கு மாதம் வீட்டில் நானும் தங்கமணியும் ஆபீஸ் மீட்டிங் மாதிரி பேசிக்கொண்டோம். திக்கல் ஒரு துளி குறையவில்லை. குறைந்தது வேறொன்று. சனிக்கிழமை போனில் ஆச்சி கூப்பிட்டால், "ஹலோ ஆச்சி" என்பதற்கு மேல் அவனிடம் சொல் இல்லை. போனை என்னிடம் நீட்டிவிடுவான்.

அந்த நாட்களில் ராத்திரி தூக்கம் வராமல் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் வீட்டு விசாரணை பல நூறு வருஷமாக உலகம் முழுக்க நடந்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. குற்றவாளிகள்கூட அதே ஆட்கள்தான்.

முதலில் மாட்டியது நாக்கு. கி.மு. நான்காம் நூற்றாண்டு கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ், வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகினார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். கூழாங்கல்லாவது பரவாயில்லை. 1841-ல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற பெயர் பெற்ற அறுவை மருத்துவர், திக்கிப் பேசுகிறவர்களின் நாக்கின் அடிப்பகுதியை வெட்டினார். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை சிகிச்சை பாஸ்டனில் பகிரங்கமாகக் காட்டப்பட்டது 1846-ல்தான். அதாவது முழு நினைவோடு நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மற்ற ஊர் மருத்துவர்களும் கொஞ்ச காலம் வெட்டிப் பார்த்துவிட்டு, பிரயோஜனமில்லை என்று கைவிட்டார்கள். இதைப் படித்த பிறகு அம்மாவின் வசம்பு மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது.

அடுத்தது கை. 1920-களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஆர்டன், லீ எட்வர்ட் டிராவிஸ் என்று இரண்டு பேர். மூளையின் இரண்டு பாதிகளில் ஒன்று பேச்சுக்குத் தலைமை தாங்க வேண்டும், இடது கைக் குழந்தையை வலது கைக்கு மாற்றினால் தலைமையில் சண்டை வந்து பேச்சு திக்கும் என்றார்கள். தங்கமணியின் கட்சி! சிகிச்சை என்ன? வலது கையைக் கட்டிப் போட்டு இடது கையைப் பழக்குவது. அப்படிக் கையில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டவர்களில் ஒருவர் வெண்டல் ஜான்சன். 1906-ல் கான்சாஸில் பிறந்தவர், சிறு வயதிலிருந்தே திக்கல். அது தீர வேண்டும் என்றே அயோவாவுக்குப் படிக்கப் போனார். கைக்கட்டால் அவருக்குத் திக்கல் போகவில்லை. அந்தக் கொள்கையும் பிறகு நிற்கவில்லை.

ஜான்சன் படித்து அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அவர் கை காட்டிய குற்றவாளி, பெற்றோரின் காது. எல்லாக் குழந்தையும் சின்ன வயதில் தட்டுத் தடுமாறித்தான் பேசும். பயந்த அப்பா அம்மா அதைத் திக்கல் என்று பெயர் சூட்டித் திருத்தத் திருத்த, குழந்தை பேசவே அஞ்சி நிஜமாகவே திக்க ஆரம்பிக்கிறது என்பது அவர் வாதம். இதற்கு ஆதாரமாக, ஐடஹோ பக்கத்து அமெரிக்கப் பழங்குடியினரின் மொழியில் திக்கலுக்குச் சொல்லே இல்லை, அதனால்தான் அவர்களில் யாருக்கும் திக்குவதில்லை என்று 1944-ல் எழுதினார். 1983-ல் வேறு சிலர் அதே மக்களைப் பற்றி எழுதினார்கள். சொல்லும் இருந்தது, ஒன்றுக்கு மேலேயே இருந்தது; திக்குகிறவர்களும் இருந்தார்கள். நம்மிடம் மட்டும் என்ன, திக்குவாய், கொன்னைவாய், தெற்றுவாய் என்று சொல்லுக்கா பஞ்சம்?

ஆனால் இந்தக் கொள்கையின் பெயரால் நடந்த ஒன்றைப் படித்த ராத்திரி நான் எழுந்து போய்ப் பையன் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். 1939 ஜனவரியிலிருந்து மே வரை, அயோவா மாநிலத்து டேவன்போர்ட் ஊர் அனாதை இல்லத்தில் நடந்தது. ஜான்சனின் மாணவி மேரி டியூடர் 22 குழந்தைகளை எடுத்துக்கொண்டார். அதில் ஆறு பேர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தைகள். அவர்களிடம், உனக்குத் திக்கல் ஆரம்பித்திருக்கிறது, சரியாகப் பேச முடியாவிட்டால் பேசாதே என்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார்கள். அந்தக் குழந்தைகள் திக்குவாயாக மாறவில்லை. ஆனால் பேச்சு குறைந்தது. கேட்டதற்கு ஒரு வார்த்தை பதில். கூச்சம், பயம். டியூடர் பிறகு திரும்பிப் போய்ச் சரிசெய்யப் பார்த்தார், முடியவில்லை. ஆய்வேடு நூலகத்தில் தூங்கியது. ஜான்சன் அதைப் பத்திரிகையில் வெளியிடவே இல்லை. 2001-ல் ஒரு அமெரிக்க நாளிதழ் வெளிக்கொண்டு வந்த பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-ல் அயோவா அரசு 9,25,000 டாலர் நஷ்ட ஈடு தர ஒப்புக்கொண்டது. அப்போது அந்தக் குழந்தைகள் கிழவன் கிழவி ஆகிவிட்டார்கள்.

திக்கலை ஒரு சொல்லால் உண்டாக்க முடியாது. குழந்தையின் வாயை ஒரு சொல்லால் மூட முடியும். அந்தச் சோதனையிலிருந்து எனக்குக் கிடைத்தது இதுதான்.

நான்காவது குற்றவாளி மொழி. நமக்கு வேண்டியது இதுதான், வெளியூரில் பிள்ளை வளர்க்கிற எல்லோருக்கும். 1937-ல் அதே டிராவிஸ், அதே ஜான்சன், ஜெய்ன் ஷோவர் மூவரும் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். இடம், மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள கிழக்கு சிகாகோ என்ற ஊர். உருக்காலை ஊர், பிழைக்க வந்தவர்கள் நிறைந்தது. 4,827 பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்ததில், ஆங்கிலம் மட்டும் பேசியவர்களில் 1.8 சதவீதமும், இரண்டு மொழி பேசியவர்களில் 2.8 சதவீதமும் திக்கினார்கள். வீட்டு மொழியை விடுங்கள் என்று பள்ளிகளும் டாக்டர்களும் சொல்வதன் வேர்களில் இந்த ஒரு சதவீத வித்தியாசமும் ஒன்று.

அந்த எண்ணை நான் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மொழி பேசிய நூறு பேரில் 97 பேருக்கு மேல் திக்கவே இல்லை! அதுவும் பொருளாதார மந்த காலம், பிழைக்க வந்த தொழிலாளி வீடுகள். எந்த வித்தியாசத்துக்கு எது காரணம் என்று யார் பிரிப்பது? இரண்டாவது மொழியில் சொல் தேடும் குழந்தை தயங்கும், சொன்னதையே சொல்லும். அந்தத் தயக்கத்தைத் திக்கல் என்று தப்பாகக் கணக்கெடுப்பது சகஜம் என்று இன்றைய நிபுணர்களே எச்சரிக்கிறார்கள். பல மொழி கேட்பதால் திக்கல் வருகிறது என்பதற்கு இன்று நல்ல ஆதாரம் கிடையாது.

அப்படியானால் எதனால்தான் வருகிறது? மூளை பேச்சை ஒழுங்குபடுத்தும் விதத்தில் உள்ள வித்தியாசம், அதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு. 2010-ல் அமெரிக்காவின் டெனிஸ் டிரேனா குழு, பலருக்குத் திக்கல் உள்ள பாகிஸ்தான் குடும்பங்களிலிருந்து ஆரம்பித்து, மூன்று மரபணுக்களில் மாற்றங்களைக் கண்டுபிடித்தது. எல்லாத் திக்கலுக்கும் அது விடை இல்லை, சிறு பங்குக்குத்தான். ஆனால் அதைப் படித்துவிட்டு அம்மாவிடம் போனில் கேட்டேன், நம் குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று. கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஒங்க சின்ன மாமாவுக்குச் சின்னதுல திக்கும்லே. பெறவு சரியாப் போச்சு. அத எதுக்கு இப்ப பேசிக்கிட்டு" என்றாள். நாற்பது வருஷமாக எனக்குத் தெரியாது.

சிறு வயதில் சுமார் 5 சதவீதக் குழந்தைகளுக்குத் திக்கல் வருகிறது. அதில் பெரும்பாலோருக்குத் தானாகவோ சிகிச்சையிலோ போய்விடுகிறது. பெரியவர்களில் மிஞ்சுவது சுமார் 1 சதவீதம். தானாகப் போகும் என்று காத்திருக்க எங்களுக்குத் தைரியம் இல்லை. ஒரு ஸ்பீச் தெரபிஸ்டிடம் போனோம். மைசூரில் மானசகங்கோத்ரியில் 1965-ல் மத்திய அரசு தொடங்கிய பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் படித்தவர். அவர் முதலில் கேட்டது, "வீட்டில் என்ன மொழியில் கொஞ்சுவீர்கள்?" தமிழ் என்றோம். "அதிலேயே பேசுங்கள். எந்த மொழி உங்களுக்குத் தடுமாறாமல் வருமோ அதில்தான் குழந்தையிடம் நிதானமாகப் பேச முடியும்" என்றார். தங்கமணி அங்கேயே அழுதுவிட்டாள்.

அவர் சொல்லிக் கொடுத்தது ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1980-களில் உருவான லிட்கோம் முறை. அதில் வைத்தியமே பெற்றோர் கையில்தான், தெரபிஸ்ட் மேற்பார்வையில். தினமும் பத்துப் பதினைந்து நிமிஷம் கூட உட்கார்ந்து விளையாட்டாகப் பேசுவது. திக்காமல் வந்த வாக்கியத்தைப் பாராட்டுவது, எப்போதாவது மெல்ல, திக்கியதைச் சொல்வது. அன்றைய பேச்சுக்கு ஒரு மதிப்பெண் குறித்து வைப்பது. 2005-ல் நியூசிலாந்தில் 54 சிறு குழந்தைகளிடம் நடந்த சோதனையில், இந்த முறையில் வந்தவர்களுக்கு ஒன்பது மாதத்தில் மற்றவர்களைவிடத் திக்கல் நன்றாகவே குறைந்திருந்தது. வேடிக்கையைப் பாருங்கள். பெற்றோர் வாயைத் திறந்தால் கெட்டது என்றார் ஜான்சன். அதே பெற்றோரின் வாய்தான் இங்கே மருந்து. எதைச் சொல்கிறோம், எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். 'தண்ணி' வராதபோது 'பானி' என்று தப்பிப்பதைச் சமத்து என்று கைதட்டாதீர்கள். நாளைக்கு அவன் பேச்சே ஒளிந்து விளையாடுவதாகிவிடும். திக்கினாலும் அவன் நினைத்த சொல்லை அவனே சொல்லி முடிக்கட்டும், நீங்கள் காத்திருங்கள் என்று.

அம்மா திருச்செந்தூருக்கு நேர்ந்திருந்தாள். போன கோடையில் போனோம். வழியில் ஸ்ரீவைகுண்டம். குமரகுருபரர் பிறந்த ஊர். ஐந்து வயது வரை பேசாமல் இருந்த பிள்ளையைப் பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிப்போக, அங்கே பேச்சு வந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது மரபு. அம்மாவுக்குக் கதை அந்த இடத்தில் முடிந்துவிடும். எனக்கு அதற்கப்புறம் நடந்ததுதான் பிடிக்கிறது. அதே பிள்ளை வளர்ந்து காசிக்குப் போகிறார். அங்கே ஆள்பவர்களோடு பேச அந்த ஊர் மொழி வேண்டுமென்று சகலகலாவல்லி மாலை பாடினார் என்கிறார்கள். பேச்சு வராத பிள்ளை பிழைக்கப் போன ஊரில் இன்னொரு மொழி கேட்டிருக்கிறது. இருந்த மொழியை விடவில்லை.

இப்போது பையனுக்கு ஆறு வயது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். களைப்பாக இருந்தால், கோபம் வந்தால் திக்கும். இடது கையால்தான் எழுதுகிறான், யாரும் பிடுங்குவதில்லை. போன சனிக்கிழமை போனில் ஆச்சியிடம், "ஆச்சி, இங்க த... த... தண்ணி நாலு நாளா வரல" என்று முழுசாகச் சொல்லி முடித்தான். அந்தப் பக்கம் அம்மா குறுக்கே பேசாமல் காத்திருந்தாள். பிறகு, "அப்படியால? அப்பம் எப்படிக் குளிக்க?" என்று கேட்டாள். அவன் விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்தான்.