தமிழகத்தில் எண்ணிமப் படத்தொகுப்பு: சிக்கல்களும் தீர்வுகளும்

எண்ணிமப் படத்தொகுப்பு என்பது படமாக்கிய காட்சிகளையும் ஒலியையும் கணினிக் கோப்புகளாக்கி, வெட்டி, வரிசைப்படுத்தி, ஒரே படமாக இணைக்கும் தொழில். தமிழகத்தில் இது 1990களில் திரைப்படக் கூடங்களில் தொடங்கி, சிறு நகரங்களின் வீடியோ நிலையங்கள் வழியாகக் கைபேசி வரை வந்துள்ளது. இத்தொழிலில் எழும் கோளாறுகள் பல. அவற்றில் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றே: பதிவு செய்த கருவியின் அளவும் தொகுக்கும் கருவியின் அளவும் ஒத்துப்போகாமை.

கணினிக்கு முன்

புதுக்கோட்டையைச் சேர்ந்த நடிகர் பி. யு. சின்னப்பா (1916–1951) ‘உத்தம புத்திரன்’ (1940) படத்தில் இரட்டை வேடத்தில் நடித்தார். ‘ஜகதலப்பிரதாபன்’ (1944) படத்தின் ஒரு பாடல் காட்சியில் பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் அவரே தோன்றினார். அக்காலத்தில் இத்தகைய காட்சிகளுக்கு வில்லையின் ஒரு பகுதியை மறைத்துப் படமெடுத்து, அதே பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பகுதியில் மீண்டும் படமெடுப்பது வழக்கம். கேமரா சற்று நகர்ந்தாலும் இரு பகுதிகளுக்கு இடையே கோடு தெரியும். படம் கழுவி வந்த பிறகே பிழை புலப்படும். பொருத்தம் பார்ப்பதே படத்தொகுப்பின் முதல் வேலை என்பது அன்றும் உண்மையாக இருந்தது.

ஒரு பிரேம் பிழை

அமெரிக்காவின் ஆவிட் நிறுவனம் தன் கணினித் தொகுப்புக் கருவியை 1989இல் வெளியிட்டது. கமல்ஹாசன் நடிப்பில் சந்தானபாரதி இயக்கி 1994இல் வெளிவந்த ‘மகாநதி’, இந்தியாவில் ஆவிட் கருவியைக் கொண்டு தொகுக்கப்பட்ட முதல் திரைப்படமாக அறியப்படுகிறது.

அக்காலக் கணினியில் திரைப்படத்தை முழுத் தரத்துடன் வைக்க இடமில்லை. எனவே நெகட்டிவை வீடியோவாக மாற்றி, அதன் தரம் குறைந்த நகலைக் கணினியில் தொகுத்தனர். முடிவில் கிடைக்கும் வெட்டுப் பட்டியலைப் பார்த்து உண்மையான நெகட்டிவ் வெட்டப்பட்டது. இங்கே ஓர் அளவுச் சிக்கல் எழுந்தது. திரைப்படம் நொடிக்கு 24 பிரேம் ஓடும். இந்தியா பின்பற்றிய பால் முறைத் தொலைக்காட்சி நொடிக்கு 25 பிரேம் ஓடும். 24ஐ 25ஆக ஓட்டினால் ஒரு மணி நேரப் படம் 2 நிமிடம் 24 நொடி முன்னதாகவே முடிந்துவிடும். குரலும் சற்று உயரும்.

பிலிமின் ஓரத்தில் அச்சிட்ட எண்களைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு வீடியோ பிரேமும் எந்த பிலிம் பிரேமுக்கு உரியது என்று கணக்கு வைத்ததே இதற்குத் தீர்வாக அமைந்தது. கணினியில் செய்த வெட்டை மாற்றிவிடலாம். வெட்டிய நெகட்டிவை மாற்ற முடியாது. அதனால் பட்டியலில் ஒரு பிரேம் தவறினாலும் இழப்பு நிரந்தரமானது.

கேசட்டிலிருந்து கணினிக்கு

புதுக்கோட்டை நகரின் பகுதியான திருக்கோகர்ணம், பிரகதாம்பாள் உடனுறை கோகர்ணேசுவரர் குடைவரைக் கோயிலால் பெயர்பெற்றது. இத்தகைய கோயில் ஊர்களில் வீடியோ கேமரா பரவியபின் திருமணங்களும் திருவிழாக்களும் கேசட்டில் பதிவாயின. ஒரு கேசட்டிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுத்தே தொகுத்ததால் ஒவ்வொரு படியிலும் படம் மங்கியது.

1995இல் அறிமுகமான டிவி எனப்படும் எண்ணிம வீடியோ முறை இந்த மங்கலை நீக்கியது. ஆனால் புதிய சிக்கல்களைக் கொண்டுவந்தது. ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 13 ஜிபி இடம் தேவைப்பட்டது. பேட்32 முறையில் அமைத்த வன்தட்டு 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது என்பதால், பதிவேற்றம் சுமார் 19 நிமிடத்தில் நின்றுவிடும். வன்தட்டை என்டிஎப்எஸ் முறைக்கு மாற்றியதும் இது தீர்ந்தது.

மற்றொன்று புல வரிசைச் சிக்கல். பால் முறையில் ஒவ்வொரு பிரேமும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என இரு புலங்களாகப் பதிவாகும். டிவி முறையில் கீழ்ப்புலம் முதலில் வரும். பல உயர்தெளிவுக் கேமராக்களில் மேற்புலம் முதலில் வரும். தொகுப்பில் இவ்வரிசை மாறினால், ஆடிப்பூரத் தேர் முன்னும் பின்னும் துடிப்பதுபோலத் தெரியும். நின்ற காட்சியில் பிழை தெரியாது என்பதால் பலர் இதைக் கேமராவின் கோளாறு என்றே கருதினர். மென்பொருளில் புல வரிசையைச் சரியாகக் குறித்தாலே துடிப்பு நிற்கும்.

தமிழ் எழுத்துச் சிக்கல்

மணமக்கள் பெயரைத் தமிழில் எழுதுவது தனிச் சிக்கலாக இருந்தது. ‘கெ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால் தெரிகிறது. ஆனால் ஒருங்குறியில் ககரம் முதலிலும் கொம்பு அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. இவ்வரிசை மாற்றத்தை அறியாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கொ’, ‘கோ’ போன்றவை சிதறும்.

முதலில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருக்கள் பயன்பட்டன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பெயருக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரும். பின்னர் அடோபி பிரீமியர் போன்ற மென்பொருள்கள் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் வசதியைத் தந்தன. அவ்வசதி இல்லாதபோது, பெயரை வேறு மென்பொருளில் எழுதி, பின்னணியற்ற படமாகச் சேமித்துச் சேர்ப்பது இன்றும் நம்பகமான வழி.

கைபேசிக் காலம்

கைபேசிகள் பல, வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப பிரேம் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே பதிவு செய்கின்றன. தொகுப்பு மென்பொருளோ சீரான எண்ணிக்கையை எதிர்பார்க்கிறது. அதனால் தொடக்கத்தில் பொருந்திய உதட்டசைவும் ஒலியும் போகப்போக விலகுகின்றன. ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் காட்சியைச் சீரான பிரேம் எண்ணிக்கைக்கு மாற்றியபின் தொகுப்பதே தீர்வு.

இந்தியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அலைவுடையது. 30 பிரேமில் படமெடுத்தால் குழல்விளக்கின் ஒளியில் பட்டைகள் ஓடலாம். 25 பிரேமும் 1/50 நொடித் திறப்பும் வைத்தால் இது பெரும்பாலும் தவிர்க்கப்படும்.

4கே காட்சிகள் தொகுக்கும்போது திக்கித்திக்கி ஓடுவதற்குக் காரணம் அவற்றின் செறிவாக்கம். எல்லா பிரேம்களும் முழுமையாகச் சேமிக்கப்படுவதில்லை. ஒன்றைக் காட்ட, கணினி அண்டை பிரேம்களையும் கணக்கிட வேண்டும். சிறிய மாற்றுக் கோப்பில் தொகுத்து, முடிவில் மூலக் கோப்புக்கு மாறுவது இதற்கு வழி. ‘மகாநதி’ காலத்தில் நெகட்டிவுக்கு நகலை வைத்துத் தொகுத்த அதே முறை இது.

எஞ்சியுள்ள சிக்கல்

திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1910இல் தொடங்கப்பட்டது. அங்குள்ள கற்சிற்பத்தைப் பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. கேசட்டில் உள்ள திருவிழாவைப் பார்க்க அதற்குரிய கருவி வேண்டும். ஜப்பானின் புனாய் நிறுவனம் 2016 ஜூலையில் விஎச்எஸ் கருவித் தயாரிப்பை நிறுத்தியது. ஈரப்பதத்தில் நாடாக்களில் பூஞ்சை படர்கிறது. ஓடும் நிலையில் உள்ள கருவிகளும் குறைந்து வருகின்றன. மேற்கண்ட கோளாறுகள் எல்லாவற்றையும் மூலப்பதிவு இருந்தால் மீண்டும் சரிசெய்யலாம். மூலப்பதிவு அழிந்தால் தீர்வு இல்லை. அதனால் பழைய கேசட்டுகளை எண்ணிமமாக்கி, இரண்டு இடங்களில் நகல் வைத்த பிறகே தொகுப்பைத் தொடங்குவது இத்தொழிலின் அடிப்படை விதியாகக் கருதப்படுகிறது.